நூலகத்துக்கு ஒன்பது படிகள்

தஞ்சாவூரில் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நான் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவர் அங்கே ஆய்வு மாணவர். ஊரில் நடந்த அறுவடைக் கூலித் தகராறில் அடிபட்டு இரண்டு கால்களும் விளங்காமல் போனவர். கைகளை ஊன்றித்தான் நகர்வார். எந்த அறைக்குள் நுழையுமுன்னும், உள்ளங்கையில் சுற்றிய துணியை அவிழ்த்து உதறி மடித்துக்கொள்வார்.

ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

“சார், நூலகத்துக்குப் படி மட்டுந்தானா? பக்கத்துல ஒரு சரிவுப்பாதை போடுங்க. யாரையும் கூப்பிடாம நானே போயிடுவேன்.”

வரைந்தேன். “முகப்பே கெட்டுப்போச்சேய்யா,” என்றார் மேலதிகாரி. மறுபேச்சு பேசாமல் நானே அதை அழித்தேன்.

திறப்பு விழாவன்று ஒன்பது படிகளையும் கையூன்றியே ஏறி வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

“நீங்க எவ்வளவோ சொல்லிப் பாத்திருப்பீங்க சார். அவங்க கேட்டிருக்க மாட்டாங்க,” என்றார்.

நான் இல்லையென்று சொல்லவில்லை. என்னிடம் எதைக் கண்டு அப்படி நம்பினார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.