வாசலில் கட்டிய துண்டு

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் சபையில் ‘ஹாரன்’ என்று பெயர். வார நாட்களில் மருத்துவமனைத் துணிகளைச் சலவைக்கு ஏற்றிப் போகிற வண்டி ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை சபை வேனில் வயதானவர்களை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு வருவார். பாடகர் குழுவில் சேர ஆசைப்பட்டவர்தான். குரலைக் கேட்டதும் பாடகர் குழுத் தலைவி, “நீங்க வண்டியப் பாத்துக்குங்க, அதுவும் ஊழியம்தான்” என்று நாசூக்காக அனுப்பிவைத்தார். அந்தக் குரலை வீட்டில் கேட்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் செய்தது சரிதான்.

வேனுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். வர முடியாதவர்கள் வாசல் கம்பியில் ஒரு துண்டைக் கட்டிவைப்பார்கள். துண்டைப் பார்த்தால் வண்டி நிற்காது. ஆராதனை முடிகிற நேரத்துக்கு அவிழ்த்துவிடுவார்கள்.

அந்த ஞாயிறு, தனியாக வாழும் தையல்காரம்மா வீட்டு வாசலில் துண்டு இருந்தது. முந்தின வாரமும் இருந்தது. இருமல் என்று போனில் சொல்லியிருந்தார். அத்தான் பழக்கதோஷத்தில் ஹாரன் அடித்துவிட்டு, வண்டியை எடுக்காமல் மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“துண்டுதான் தொங்குதே, கெளம்புங்க. பாட்டு ஆரம்பிச்சிரும்” என்றார் வேனில் இருந்த பாடகர் குழுத் தலைவி. பின்சீட்டிலும் முணுமுணுப்பு எழுந்தது. முன்சீட்டில் இருந்த நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். அத்தான் வண்டியை எடுத்தார்.

ஆலய வாசலில் ஒவ்வொருவரையும் கைபிடித்து இறக்கிவிட்டவர், என்னிடம் வந்து, “மாப்ள, புதன்கிழமை அந்தத் தெரு வழியா போனேன். அப்பவும் அந்தத் துண்டு அங்கதான் இருந்துச்சு” என்றார்.

“அவிழ்க்க மறந்திருப்பாங்க.”

“அந்தம்மாவா? ஒரு நூல் பிரிஞ்சு தொங்குனாலே தூக்கம் வராது அவங்களுக்கு. வண்டில ஏறு.”

உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. நல்ல மேய்ப்பனைப் பற்றிய பாட்டு. நாங்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டே ஓட்டினார்.

மாடிக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அத்தான் தட்டினார், பதில் இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவே தரையில் கிடந்தார் அந்தம்மா. காய்ச்சலில் உடம்பு கொதித்தது. உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் எங்களைப் பார்த்தது. அத்தான் போர்வையோடு அப்படியே வாரி எடுத்துக்கொண்டு படியிறங்கினார். முட்டிவலிக்காரர், அன்று ‘அம்மா’ என்றுகூட முனகவில்லை.

நெஞ்சில் சளி கட்டி முற்றிவிட்டது, இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர். இரண்டு நாள் எங்களுக்கு உயிரே இல்லை. மூன்றாம் நாள்தான் பேச விட்டார்கள்.

அத்தான் கட்டிலருகே கைகட்டி நின்றார். ஊரையே அதட்டுகிற மனுஷன் மெல்லிய குரலில் சொன்னார். “மன்னிச்சிருங்கம்மா. வாசல் வரைக்கும் வந்துட்டு, ஹாரன் மட்டும் அடிச்சிட்டுப் போயிட்டேன்.”

“கேட்டுச்சுப்பா” என்றார் அந்தம்மா. “சனிக்கிழமை ராத்திரி விழுந்தவ, எந்திரிக்க முடியல. ஹாரன் கேட்டதும் கூப்பிடப் பாத்தேன், வாய் வரல. வண்டி கெளம்புறதும் கேட்டுச்சு. அப்பதான் ஆண்டவர்கிட்ட சண்டைக்குப் போனேன். ‘மேய்ப்பன் மேய்ப்பன்னு இத்தனை வருஷம் உன்னைப் பாடினேனே, இவ்வளவுதானா நீ’ன்னு கேட்டேன்.”

அந்தம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அத்தான் தலையைத் தூக்கவே இல்லை. அந்தம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

“அவர இன்னும் நாலு வார்த்தை கேக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீ வந்து கதவைத் தட்டிட்டே.”