ஷாஜின் அனுப்பிய ஒரு வரி

ஜெனிஃபாவிடம் 'சரி' வாங்குவது குதிரைக்கொம்பு. வேலூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் அவளுக்கு வேலை. ஓய்வு நேரத்தில், லினக்ஸ் மென்பொருளின் உதவிப் பக்கங்களுக்கு உலகெங்குமிருந்து வரும் திருத்தங்களைச் சரிபார்ப்பாள். சம்பளம் கிடையாது. பெருமை வேண்டுமானால் வீட்டுக்குள் பட்டுக்கொள்ளலாம்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஷாஜினும் அந்தக் குழுவுக்கு ஒரு திருத்தம் அனுப்பினான். அக்காவிடம் மூச்சு விடவில்லை. அவளிடமே 'சரி' வாங்கி அசத்த நினைத்திருப்பான், கள்ளன். மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது நெடுஞ்சாலையில் அவன் பைக்மேல் லாரி மோதியது. 2006இல் அந்த வீடு அப்படித்தான் இடிந்தது.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் ஜெனிஃபா மெயிலைத் திறந்தாள். தம்பியின் திருத்தம் யாரும் பார்க்காமல் கிடந்தது. ஒரே ஒரு வரி. நெட்வொர்க்கில் எதிர்முனையிலிருந்து தகவல் வர எவ்வளவு நேரம் பொறுப்பது என்று சாக்கெட்டுக்கு, அதாவது புரோகிராம் பேசும் இணைப்புமுனைக்கு, சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு. அந்த நேரத்தை மில்லிசெகண்டில் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தான்.

தப்பு. கம்பெனியில் இருந்ததெல்லாம் விண்டோஸ், அதில் அப்படித்தான். லினக்ஸில் செகண்டு தனி, மைக்ரோசெகண்டு தனி என்று இரண்டு எண்ணாகக் கொடுக்க வேண்டும். பாவி, தினமும் தொட்ட மெஷினை நம்பி எழுதிவிட்டான்.

"நீ சரின்னு போட்டா அவன் பேரு அதுல ஏறுமா?" என்று கேட்டாள் அம்மா இன்பம்.

"ஏறும்மா. எப்பவும் இருக்கும்."

"அப்ப போடேன், ஜெனி. வேற இன்னா இருக்கு நம்மகிட்ட?"

"தப்பும்மா அது. அத நம்பி எழுதறவங்க புரோகிராம் கெட்டுடும்."

"நீயே திருத்திடு."

"இருக்கறதே ஒரு வரி. திருத்தினா அவன் எழுதினது ஒண்ணும் மிஞ்சாது. என் பேருதான் வரும்."

அம்மா எழுந்து போய்விட்டாள். ஜெனிஃபா அந்த வரியை மறுபடி படித்தாள். பொய் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் எங்கோ ஒருத்தன் ஷாஜின் பேரைப் பார்த்து 'முட்டாள்' என்று திட்டுவான். அதை நினைக்கவே அவளால் தாங்க முடியவில்லை.

எழுதியவருக்கே பதில் போட்டு, குழுவுக்கும் நகல் அனுப்புவது வழக்கம். தம்பியின் முகவரிக்குத் தப்பை விளக்கி எழுதினாள். முடிவில் 'திருத்தி மறுபடி அனுப்பவும்' என்று போட வேண்டும். அது மட்டும் கைக்கு வரவில்லை. போடாமலே அனுப்பினாள்.

சாயங்காலம் பதில் வந்தது. பக்கங்களைப் பராமரிப்பவர், முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர், எழுதியிருந்தார்.

"இன்னா சொல்றாரு?" என்று அம்மா வந்து நின்றாள்.

"நல்ல முயற்சியாம். ஷாஜின் திருத்தி அனுப்பட்டும், காத்திருக்கேன்றாரு. அவருக்குத் தெரியாதும்மா. நான் சொல்லிட்றேன்."

கீபோர்டுக்குப் போன மகளின் கையை இன்பம் பிடித்துக்கொண்டாள். ஷாஜின் இருக்கிறான் என்று நினைக்க உலகத்தில் இந்த ஒருவராவது மிச்சம் இருந்தார்.

"இன்னிக்கு வேணாம்டி," என்றாள். "ரெண்டு நாள் காத்துகிட்டு இருக்கட்டும்."