அர்த்தநாரி மாமா உட்கார்ந்த புரட்டாசி

என் அக்கா பாவாயியின் கணவர் அர்த்தநாரி மாமாவுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுத் திரிந்த மனுஷன். எழுபது வயதில், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை விழுங்கத் தொடங்கிய பிறகும் கால் ஓயவில்லை. விடிந்ததும் பட்டறைக்குப் போய் யாருடைய வண்டிக்குள்ளாவது தலையை விடுவார். சோற்றுத் தட்டு வீட்டில் இருக்கும், ஆள் தெருவில் இருப்பார். எனக்கு அவரைப் பார்த்தாலே மூச்சு வாங்கும்.

"இந்த மனுசன் ஒரு எடத்துல குந்துனாப் போதும், மலைக்கு வந்து படி பூசை பண்றேன் சாமி" என்று அக்கா வேண்டிக்கொண்டாள்.

ஆவணியில் ஒரு நாள், பட்டறையில் குனிந்து நிமிர்ந்தபோது ரிக்கின் இரும்புச் சட்டம் மாமாவின் தலையில் இடித்தது. காயமில்லை, வீக்கமுமில்லை. சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

புரட்டாசி பிறந்ததும் மாமா அடங்கினார். நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். லேசாகத் தலை வலிக்கிறது என்பார், தூங்கிவிடுவார். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று அக்கா பூரித்தாள். தெருவும் சேர்ந்து ஒத்து ஊதியது. எனக்கு மட்டும் அந்த அமைதி பிடிக்கவேயில்லை.

"ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போயிரலாங்க்கா."

"நல்லா இருக்கறவர எதுக்குடா கூட்டிட்டுப் போறது? மொதல்ல வேண்டுதல முடிக்கோணும்" என்று எரிந்து விழுந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மலைப்படியில் ஒவ்வொன்றாக மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டே அக்கா ஏறினாள். குங்குமத் தட்டு மாமாவின் இடது கையில். பாதி தூரம்கூடப் போகவில்லை, தட்டு நழுவிக் குங்குமம் படியெல்லாம் கொட்டியது. "நல்ல காரியத்துல இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்று அக்கா பதறினாள். தட்டு விழுந்ததே மாமாவுக்குத் தெரியவில்லை. விரல்கள் அதைப் பிடித்திருக்கிற மாதிரியே வளைந்திருந்தன.

மிச்சப் படியையும் முடித்துவிடலாம் என்றாள் அக்கா.

"சாமி எங்கயும் ஓடிப்போயிராது. மாமா போயிருவாரு" என்று கத்திவிட்டேன். மலையிலிருந்து இறங்கி நேராக ஈரோட்டுக்குக் கார் பிடித்தோம்.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் விளக்கினார். "வயசானா மூளை கொஞ்சம் சுருங்கிரும். மேல இருக்கற ரத்தக்குழாய் இழுபட்டு நிக்கும். சின்ன இடியே போதும். மாத்திரையும் சேந்துக்கிட்டதால வாரக்கணக்கா ரத்தம் கசிஞ்சு மூளைய அமுக்குது. உடனே துளை போட்டு எடுக்கணும்."

"நாந்தாண்டா கேட்டேன். குந்த வெய்யின்னு நாந்தான் கேட்டேன்" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இரும்பு இடித்ததற்குச் சாமி என்ன செய்யும் என்றேன். அவள் காதில் ஏறவில்லை.

ஆபரேஷன் முடிந்தும் மாமா கண் திறக்கவில்லை. ஐசியூ வாசலில் அக்கா உட்காரவேயில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். அவளோடு நானும் நடந்தேன்.

மறுநாள் மத்தியானம் நர்ஸ் கடுகடுவென்று வெளியே வந்தாள். "உங்க ஊட்டுக்காரர் கட்டில உட்டு எறங்கப் பாக்கறாருங்க. ட்யூபெல்லாம் புடுங்கறாரு. கையக் கட்டப் போறோம், வந்து சொல்லிப் பாருங்க."

உள்ளே அவருடைய இடது கை கட்டில் விளிம்பைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தது. சும்மா இருங்க என்று சொல்ல வாயெடுத்த அக்காவுக்கு அந்தச் சொல் வரவில்லை. இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"கட்டாதீங்க சாமி" என்றாள் நர்ஸிடம். "நான் புடிச்சுக்கறேன்."