உடல்நலக் காரணங்களால்

என் அக்காவுக்குப் பல்கலைக்கழகத்தில் 'அகராதி' என்று பெயர். சீன மொழியில் எந்தச் சொல் புரியாவிட்டாலும் எல்லாரும் தன்னிடம்தான் வருகிறார்கள், அதனால் வந்த பெயர் என்று சொல்லிக்கொள்வாள். அகராதி பிடித்தவள் என்பதால் வந்திருக்கும் என்பது என் கட்சி. நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். பகலெல்லாம் ஊரார் வாயைப் பார்த்துவிட்டு வருகிறவள், சாயங்காலம் இவள் வாயையும் பார்க்கவேண்டும் என்பது என் தலையெழுத்து.

அவள் படிப்பது இன்றைய சீனாவின் சமூகமும் அரசியலும். முன்பு ஓர் இறக்குமதி அலுவலகத்தில் சீன வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். பம்புசெட்டுக்கு விலை கேட்டே ஆயுள் முடிந்துவிடும் என்று பயந்து, முப்பதைத் தாண்டிய பிறகு வேலையை உதறிவிட்டு முதுகலையில் சேர்ந்தாள். அது முடிந்ததும் ஆய்வுப் படிப்பு. ஆய்வு, லிஃப்ட் பற்றி. சிரிக்காதீர்கள். நான் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

சீன நகரங்களில் லிஃப்ட் இல்லாத பழைய ஆறுமாடிக் கட்டடங்கள் நிறைய உண்டாம். மேல் மாடியில் இருப்பவர்களுக்கு வயதாகி முட்டி தேய்ந்துவிட்டது. வெளிச்சுவரை ஒட்டி லிஃப்ட் கட்டலாம் என்றால் அக்கம்பக்கத்தார் ஒத்துக்கொள்ள வேண்டும். கீழ்வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்கு வெளிச்சம் போகும், சத்தம் வரும், மேலே இருப்பவர் வீட்டுக்கு மட்டும் விலை ஏறும். இந்தச் சண்டையைக் குடியிருப்புக் குழுவினர் எப்படிப் பேசித் தீர்க்கிறார்கள் என்பதுதான் விஷயம். இதைப் பொறாமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடக் கூடாது, கீழ்வீட்டுக்காரருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாள்.

எல்லாம் செய்தித்தாளிலும் இணையத்திலும் படித்துத் தெரிந்துகொண்டதுதான். அங்கேயே போய் அந்த மாடிப்படிகளில் உட்கார்ந்து ஆட்களிடம் பேசினால்தான் ஆய்வு ஆய்வாகும். அங்குள்ள ஒரு பல்கலைக்கழகம் வருடத்துக்கு ஒருவரை இங்கிருந்து அழைத்து, ஒரு வருடம் தங்கவைக்கும். யாரை அனுப்புவது என்று முடிவுசெய்பவர் இவர்களுடைய பேராசிரியர். அடுத்த வருடம் அக்கா வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். அந்த ஓர் இடத்துக்காகத்தான் சம்பளத்தை விட்டாள், வந்த வரன்களை விட்டாள், என்னையும் தினமும் விடாமல் பிடித்து வைத்துப் பேசினாள்.

அப்போதுதான் புதுசு வந்து சேர்ந்தாள். அக்காவுக்கு ஒரு வருடம் பின்னால் வந்ததால் அந்தப் பெயர். சாப்பாட்டுப் பொட்டலங்களை பைக்கில் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் சீன இளைஞர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது அவள் ஆய்வு. பேசுகிற சீன மொழியில் பாதி தப்பு. ஆனால் முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிடுவாள், அவர்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே சொந்தக் கதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். அக்கா கூப்பிட்டால், தப்பே இல்லாத அந்தப் பேச்சைக் கேட்டு ஏதோ அதிகாரி பேசுகிறார் என்று பயந்து போனை வைத்துவிடுவார்கள். அன்று ஆரம்பித்தது வயிற்றெரிச்சல். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "அவ இன்னிக்கு என்ன பண்ணா தெரியுமா" என்று தொடங்குவாள்.

பொறாமை எல்லா வீட்டிலும் இருக்கிறது. இவள் பொறாமைக்குப் படிப்பும் சேர்ந்துகொண்டதுதான் கெடுதல். சீன அரசாங்கப் பத்திரிகைகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று பேராசிரியர் இவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். எழுதியதைவிட எழுதாமல் விட்டதைப் பார்க்க வேண்டும். புகைப்படத்தில் யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார், போன மாதம் இருந்த வாசகம் இந்த மாதம் ஏன் இல்லை, யார் பேச்சுக்கு எத்தனை வரி ஒதுக்கியிருக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்து, உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்க வேண்டும். ஓர் அதிகாரி 'உடல்நலக் காரணங்களால்' விலகினார் என்று வந்தால் வகுப்பே சிரிக்குமாம், அது எந்த மருத்துவராலும் கண்டுபிடிக்க முடியாத வியாதி என்று.

அக்கா அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேராசிரியரையே படிக்க ஆரம்பித்தாள். கருத்தரங்குப் படத்தில் அவருக்குப் பக்கத்தில் புதுசு நிற்கிறாள், ஓரத்தில் நிற்கும் அக்காவின் தோள் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. வாராந்தரக் கூட்டத்தில் புதுசை அவர் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைக்கிறார். புதுசின் கட்டுரையைச் சிவப்பு மையால் வரிக்கு வரி திருத்துகிறார், அக்காவின் கட்டுரையோ கைபடாமல் திரும்பி வருகிறது. முன்பெல்லாம் "இங்க இன்னும் தெளிவா சொல்லுங்க" என்று எழுதுவார். இப்போது "பார்த்தேன்" என்ற ஒரு சொல்தான்.

அந்த ஒரு சொல்லை என் முன்னால் நீட்டி, தன் கதை முடிந்துவிட்டது, இடம் அவளுக்குத்தான் என்றாள். அவர் அவசரத்தில் எழுதியிருப்பார் என்றேன். இந்த மாதிரி மனிதர்கள் அவசரத்தில் எதையும் எழுத மாட்டார்கள் என்றாள். எந்த மாதிரி மனிதர்கள்? மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கும் ஒரு சாது அவர். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

சாப்பாடு குறைந்தது. புதுசின் சிரிப்பை என்னிடம் நடித்துக் காட்டுவாள், அச்சு அசலாக இருக்கும், இருவரும் சிரிப்போம், பிறகு அவள் முகம் தொங்கிவிடும். ஒருநாள் என்னிடம் கேட்காமலே பேராசிரியரிடம் போய்விட்டாள். அவர்கள் தள்ளுவதற்கு முன் தானே விலகினால் மானமாவது மிஞ்சும் என்பது கணக்கு. தனக்கு உடம்பு சரியில்லை, ஒரு வருடம் வெளிநாட்டில் தங்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்று சொன்னாளாம். அவர் சொல்லிக்கொடுத்த பாடம்தானே, இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது, அவருக்கு உறைத்திருக்கும், பதறிப்போய்த் தன்னைத் தடுப்பார் என்று நினைத்தாள்.

அவர் பதறத்தான் செய்தார். என்ன வியாதி என்று கேட்க, இவள் வாய்க்கு வந்தபடி இதயம் என்றாள். யார் பார்க்கிறார்கள், தனக்குத் தெரிந்த இதய நிபுணர் ஒருவர் இருக்கிறார் என்று போன் எண்ணைக் கொடுத்தார். அவள் சொன்னதைச் சொன்னபடியே நம்பிவிட்டார் மனிதர். அந்த வாரமே இடம் புதுசுக்கு என்று அறிவிப்பு வந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று அக்கா என்னிடம் காட்டினாள். ஊகம் பலித்த சந்தோஷம் ஒரு கணம் முகத்தில் தெரிந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுசு வீட்டுக்கே வந்தாள், ஒரு பை ஆப்பிளோடு. நோயாளியைப் பார்க்க வந்திருக்கிறாள். அக்கா அவசரமாகப் போர்வையை இழுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. நான் காபி கலந்து கொண்டுவந்தபோது புதுசு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, இது உங்க இடம். வருஷ ஆரம்பத்துலயே சார் என்கிட்ட சொல்லிட்டார், இந்த வருஷம் நீங்கதான், நான் ஆசைய வளத்துக்க வேண்டாம்னு. உங்க கட்டுரைல திருத்த ஒண்ணுமே இல்ல, அத பாத்து எழுதக் கத்துக்கோன்னு தினமும் திட்டு. அதுக்குத்தான் பக்கத்துலயே உக்கார வெச்சுக்கிட்டார், பள்ளிக்கூடத்துல மக்குப் பிள்ளைய முன்பெஞ்ச்ல வெக்கிற மாதிரி."

அக்கா போர்வையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வருஷமா உங்கமேல எனக்கு அவ்ளோ பொறாமை. நீங்க வாயத் தொறந்தாலே எனக்கு எரியும். உங்களுக்கு ஏதாவது ஆகணும்னுகூட ஒருநாள் நெனச்சேன். இப்ப நெஜமாவே ஆயிடுச்சு. அதான் தூக்கமே வரல."

அவளுக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். எனக்கு ஒன்றும் ஆகாது, நீ நல்லபடியாகப் போய் வா என்று அக்கா மெல்லிய குரலில் அவளைத் தேற்றினாள். புதுசு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடமும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்தியதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள இத்தனை படிப்பு எதற்கு என்று கேட்டேன். பெயரைச் சீனாவுக்கு அனுப்பிவைக்க இன்னும் நாள் இருந்தது. நாளைக்கே போய் அவரிடம் உண்மையைச் சொல், நல்ல மனிதர், திட்டிவிட்டு இடத்தைக் கொடுப்பார், புதுசுகூட மனதாரச் சம்மதிப்பாள் என்றேன்.

"போய் என்னன்னு சொல்றது? பொறாமைல பொய் சொன்னேன்னா?"

"ஆமா. அதையேதான் சொல்லணும்."

அவள் தலையை ஆட்டினாள், முடியாது என்று. இடம் போனதைத் தாங்கிக்கொள்வாள், பொறாமைக்காரி என்று தெரிந்துவிடுவதைத் தாங்க மாட்டாள். அதைவிட இதய நோயாளியாகவே இருந்துவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டாள்.

எனக்கு ஆறவில்லை. "அவ சின்னவ. உன் மூஞ்சிக்கு நேரா உக்காந்து, உன்மேல பொறாமைன்னு வாய்விட்டுச் சொல்லிட்டுப் போறா. உன்னால ஏன் முடியல?"

அக்கா பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துப் போர்வையில் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அதுலயும் முந்திட்டா பாரு," என்றாள்.