ஈலா விட்டுப்போன வலது பூட்ஸ்

எங்கள் தெருமுனை வீட்டின் இரும்பு வேலிக் கம்பியில் இரண்டு மாதமாக ஒரு ஒற்றைக் கையுறை செருகியிருக்கிறது. யாரோ தவறவிட்டது. பின்னால் வந்த வேறு யாரோ அதைப் பொறுக்கி, தொலைத்தவர் கண்ணில் படட்டும் என்று கம்பியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். இந்த இங்கிலாந்து ஊரில் அது வழக்கம். மழையில் நனைகிறது, காய்கிறது, ஒருவரும் தொடுவதில்லை. நம் பக்கம் ரோட்டில் ஒற்றைச் செருப்பு கிடந்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று நின்று விசாரிப்போம். நான் தோல் ஷூ தைத்தவள் வேறு. அந்தக் கையுறையைக் கடக்கும்போதெல்லாம் கட்டைவிரலால் தையலைத் தடவிப் பார்க்காமல் என்னால் போக முடிவதில்லை. போன மாதம் அப்படித் தடவிக்கொண்டிருந்தபோதுதான் கைபேசியில் நிலோபரின் செய்தி வந்தது. "ஞாயித்துக்கிழமை ஓட்டு. உன்னுதுதான் பாக்கி. யோசிச்சிப் போடு."

ஓட்டு என்றால் தேர்தல் இல்லை. சினிமா. சிரிக்காதீர்கள், அந்த ஒரு ஓட்டால் என் உயிர்த்தோழி எனக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்று ஞாயிறு வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் ஊர் நெமிலி பக்கம். அப்பா நெல் பயிரிடுகிறவர். நான் படித்துவிட்டு மேல்விஷாரம் அருகே ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்தேன். அடுத்த மெஷினில் நிலோபர், மேல்விஷாரத்துக்காரி. வீட்டில் உருது, லைனில் தமிழ், சூப்பர்வைசரிடம் மட்டும் மௌனம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் கேரியரில் போனைச் சாய்த்துவைத்து, அரைமணி அரைமணியாக நாங்கள் பார்த்துத் தீர்த்ததுதான் 'எல்லைக்கப்பல்' என்ற விண்வெளிப் படவரிசை. தமிழில் டப் செய்தது. ஒரு படம் முடிய ஒரு வாரம் ஆகும். முதலில் இரண்டு பேர், பிறகு லைனே கூடிவிட்டது. பதினோரு பேர் கொண்ட வாட்ஸப் குழுவுக்கு நிலோபர் வைத்த பெயர் 'ஈலா லைன்'. ஈலா அந்தப் படங்களின் நாயகி.

மூன்றாவது படத்தின் முடிவில்தான் உலகம் இரண்டாகப் பிளந்தது. ஒரு சுரங்கக் கோளில் ஈலாவும் அவள் ஆட்களும் மாட்டிக்கொள்கிறார்கள். மிச்சமிருப்பது ஒரே கப்பல், ஒரே இருக்கை. "போய் உதவி கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஈலா ஏறிவிடுகிறாள். கதவு மூடும்போது அவளுடைய வலது பூட்ஸ் இடுக்கில் சிக்குகிறது. காலை உருவிக்கொண்டு போய்விடுகிறாள். பூட்ஸ் மட்டும் அங்கே கிடக்கிறது. படம் முடிந்தது. அவள் உதவி தேடிப் போன வீராங்கனையா, உயிர் தப்பி ஓடிய கோழையா என்று அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இணையத்தில் இன்றுவரை ஓயவில்லை. கிடந்த பூட்ஸுக்கும் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொன்னார்கள்.

எங்கள் லைன் சொன்ன அர்த்தத்தை உலகத்தில் வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. ஷூ தொழிலில் ஒரு முறை உண்டு. புது மாடலுக்கு ஒரு ஜோடி சாம்பிள் தைப்போம். வெளிநாட்டுக் கம்பெனி அதைப் பார்த்துச் சரி என்றால், ஜோடியைப் பிரித்துவிடுவோம். இடது ஷூ கடல் கடந்து அந்தக் கம்பெனிக்குப் போகும், வலது நம் சாம்பிள் ரூமில் கொக்கியில் தொங்கும். இரண்டிலும் ஒரே சீட்டு, ஒரே கையெழுத்து. சரக்கு முழுக்க அந்த ஒற்றையைப் பார்த்துத்தான் தைக்கவேண்டும், அங்கே இறங்கும்போது இந்த ஒற்றையின் ஜோடியை வைத்துத்தான் சோதிப்பார்கள். வாக்கு மாறமாட்டோம் என்பதற்கு அதுதான் சாட்சி. ஈலாவின் பூட்ஸைப் பார்த்ததும் நிலோபர் கையைத் தட்டினாள். "இன்னாங்கடி அழுவுறீங்க? வலதை வெச்சிட்டுப் போறா பாரு. சாம்பிள்டி அது. சொன்னதைச் செய்வா." அன்றைக்கு அவளைவிட ஈலாவை நம்பியவர் எவரும் இல்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அவள் மாறினாள், மாற்றியது நான்.

இங்கே நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை இந்தப் படங்களின் ரசிகர்கள் கூடுவார்கள். என் அலுவலகத்துக் கிடங்கில் வேலை செய்யும் கிரஹாம் என்னை அழைத்துப்போனார். அறுபது வயதில் ஈலா படம் போட்ட சட்டை. நான் எழுந்து சாம்பிள் கதையைச் சொன்னேன், கொக்கி, சீட்டு, கையெழுத்து எல்லாம். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கிரஹாம் மட்டும் நெகிழ்ந்துபோய், "அழகு. ஆக அவங்களுக்கு ஒரு நினைவுப் பரிசு குடுத்துட்டுப் போயிருக்கா" என்றார். நினைவுப் பரிசாம்! பரிசு வேறு, பிணை வேறு என்று விளக்க எனக்கு அன்று ஆங்கிலம் போதவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

இனி மறைத்துப் பயனில்லை, என் கதைக்கு வருகிறேன். நெமிலி பக்கத்து ஊர்களுக்கு எங்கள் கம்பெனி பஸ் ஒன்று ஓடியது. ஒருநாள் அதை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் ஷிப்ட் முடிந்து மெயின் ரோடு வரை நடந்து, ஆற்காட்டுக்குப் பஸ் பிடித்து, அங்கே இன்னொன்று மாறி, இருட்டில் ஊருக்குள் நடக்கவேண்டும். சூப்பர்வைசரிடம் சொல்லிப் பேஜாரானதுதான் மிச்சம். அந்தச் சமயத்தில் எங்களிடம் ஷூ வாங்கும் இங்கிலாந்துக் கம்பெனியிலிருந்து சோதனைக்கு ஒருவர் வருவதாக இருந்தது. தொழிலாளிகளுக்குப் போக்குவரத்து உண்டா என்பது அவர்கள் சோதிக்கிற விஷயங்களில் ஒன்று. லைனில் ஆங்கிலம் தெரிந்தவள் நான். "நீ சொல்லுடி, நாங்க பின்னாடி நிக்கிறோம்" என்று பதினோரு பேரும் பேசிவைத்தோம். நான் தலையை ஆட்டினேன். ஆட்டும்போதே என் பையில் அதே இங்கிலாந்துக் கம்பெனி அனுப்பிய வேலைக் கடிதம் இருந்தது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

வந்தவர் என் மெஷின் பக்கத்தில் நின்று, ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டார். பையில் இருந்த கடிதம் நினைவுக்கு வந்தது. "நோ ப்ராப்ளம்" என்றேன். அந்த அளவு ஆங்கிலம் நிலோபருக்கும் தெரியும். மெஷினை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. சாயங்காலம் அவளிடம் கடிதத்தைக் காட்டினேன். அங்கே போய் நேரிலேயே பேசுகிறேன், உள்ளே இருந்து சொன்னால்தான் எடுபடும், என் மேல் சத்தியம் என்றேன். அவள் கடிதத்தை மடித்து என் கையில் வைத்துவிட்டு "சரி" என்றாள். அதற்கு முந்தைய மாதம்தான் லைனே சேர்ந்து அமிர்தி அருவிக்குப் போய் அவ்வளவு கூத்தடித்திருந்தோம். வழியனுப்ப அவள் மட்டும் வந்தாள்.

வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. முதலில் வேலை நிலைக்கட்டும் என்றிருந்தேன். பிறகு விசா புதுப்பிக்கட்டும் என்றிருந்தேன். பிறகு கேட்கவே வெட்கமாகிவிட்டது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்களே, அதுதான். லைனில் மூன்று பேர் அந்த நடைக்குப் பயந்து வேலையை விட்டார்கள். குழுவில் மட்டும் இருக்கிறார்கள். நிலோபருக்குச் சாம்பிள் ரூமில் பதவி உயர்வு வந்தது. அவள் தைக்கும் ஜோடியில் வலது அவள் கொக்கியில் தொங்கும், இடது இங்கே சாம்பிள் சரிபார்க்கும் என் மேஜைக்கு மேலுள்ள அலமாரிக்கு வரும். சீட்டில் அவள் கையெழுத்தும் என் கையெழுத்தும் பக்கம் பக்கமாக இருக்கும். பஸ்ஸைப் பற்றி அவள் ஒருதடவைகூடக் கேட்கவில்லை. ஈலாவைத்தான் திட்ட ஆரம்பித்தாள்.

அடுத்த படம் வரப்போகிறது என்ற செய்தி வந்ததும், உலகத்து ரசிகர் மன்றங்களெல்லாம் சேர்ந்து படக்குழுவுக்குக் கடிதம் எழுதுவது என்றானது. மன்றத்துக்கு ஒரு கடிதம், ஒரே முடிவு. ஈலா திரும்பி வரவேண்டுமா, இல்லை அவள் கதையை முடித்துவிடவேண்டுமா? ஈலா லைனில் வரட்டும் என்று ஐந்து பேர், வேண்டாம் என்று நிலோபரையும் சேர்த்து ஐந்து பேர். பதினோராவது ஓட்டு என்னுடையது.

ஞாயிறு மதியம் வீடியோவில் கூடினோம், அவர்களுக்குச் சாயங்காலம். முதல் பத்து நிமிஷம் வழக்கமான கூச்சல். ஈலாவின் கப்பலில் எரிபொருள் எவ்வளவு, கூட ஒரு ஆள் உட்கார்ந்திருக்கலாமா, மூன்று வருஷமாக ஒரு சமிக்ஞைகூட அனுப்பவில்லையே ஏன், எல்லாம் அலசினார்கள். என் முறை வந்தது. ஈலா திரும்பி வரவேண்டும் என்றேன். அவள் சூழ்நிலை நமக்குத் தெரியாது, போன இடத்தில் அவளுக்கும் எத்தனையோ கஷ்டம் இருக்கும் என்று என்னென்னவோ அடுக்கினேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

நிலோபர் திரைக்குக் கிட்டே வந்தாள்.

"கஷ்டம் இருக்கும். இல்லைன்னு யாரு சொன்னா? போனதுக்கு நான் கோச்சிக்கல கௌரி. கப்பல்ல ஒத்த சீட்டுதான், யாராச்சும் ஒருத்தி போயாவணும். போனவ அங்க போய்க் கேட்டாளா? அதை மட்டும் சொல்லு."

பத்து முகமும் என்னைப் பார்த்தன. படத்தைப் பற்றிய பேச்சு நின்று வெகுநேரமாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று ஒரு பொய் நுனிநாக்கில் வந்து நின்றது.

"கேக்கல நிலோ" என்றேன்.

"சரி. அப்போ எழுது. வர்றதுன்னா வரட்டும், வெறுங்கையோட வந்தா கதவைத் திறக்காதீங்கன்னு எழுது."

திரையில் அவள் கட்டம் மறைந்தது. சற்று நேரத்தில் அவள் குழுவிலிருந்தே விலகிவிட்டதாகக் கைபேசி காட்டியது. அவளே பெயர் வைத்த குழு.

அடுத்த வாரம் பார்சல் வந்தது. பிரித்த கிரஹாமுக்கு ஒரே சந்தோஷம். "பார், இந்த முறை முழு ஜோடியும் அனுப்பிட்டாங்க! ஒற்றையைப் பார்த்துப் பார்த்து எனக்கே பாவமா இருக்கும்" என்று இரண்டையும் சேர்த்து என் மேஜையில் வைத்தார். பார்த்ததும் போன பருவத்து மாடல்போல இருந்தது. இடது ஏற்கெனவே என் அலமாரியில் இருந்ததால், கூடுதலாக இன்னொரு ஜோடி தைத்தார்களோ என்று எடுத்துப் பார்த்தேன். இல்லை. இடது, புது மாடலின் இடது. வலது, பழைய மாடலின் வலது. என் அலமாரியில் இருக்கும் இடதின் ஜோடி, நிலோபரின் கொக்கியில் தொங்கியிருக்கவேண்டியது. அதன் சீட்டில் எங்கள் இருவர் கையெழுத்தும் அப்படியே இருந்தன. கிரஹாம் அவசரத்தில் தோல் நிறத்தைப் பார்த்து ஜோடி என்று எண்ணிவிட்டார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் தொழிலில் இரண்டு ஒற்றையும் ஒரே கையில் சேர்ந்தால், உடன்படிக்கை முடிந்தது என்று அர்த்தம். எனக்கு அங்கே இனி ஒன்றும் பாக்கியில்லை என்று நிலோபர் கடல்தாண்டிச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அழுகை வந்தது. கிரஹாம் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு தோளில் தட்டினார்.

அந்த வலது ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு மேலாளர் அம்மாவின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தைரியம் போய்விடும். பஸ் நின்றது, பெண்கள் இருட்டில் நடப்பது, மூன்று பேர் வேலையை விட்டது, சோதனைக்கு வந்தவரிடம் நான் சொன்ன அந்த 'நோ ப்ராப்ளம்', எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார், "உனக்கு இது ரெண்டு வருஷமா தெரியுமா?" தெரியும் என்றேன். ஷூவை வாங்கிச் சீட்டில் இருந்த கையெழுத்துகளைப் பார்த்தார். எழுத்தில் கொடு, தொழிற்சாலையிடம் விளக்கம் கேட்கிறேன், இப்போதைக்கு அதற்கு மேல் வாக்குத் தரமுடியாது என்றார். அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். என் வேலைக்கு இதனால் என்ன ஆகும் என்று இன்னும் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

மறுநாள் வலது ஷூவை மட்டும் பெட்டியில் வைத்து நிலோபர் பெயருக்கு அனுப்பினேன். கூரியர் கடைப் பெண் பெட்டியைத் திறந்து பார்த்து, இன்னொன்று எங்கே, மறந்துவிட்டீர்களா என்றாள். மறக்கவில்லை, ஒன்றுதான் போகிறது என்றேன். உள்ளே ஒரு துண்டுக் காகிதத்தில் "கேட்டுட்டேன்" என்று மட்டும் எழுதியிருந்தேன். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. ஈலா லைனின் கடிதமும் போய்விட்டது, நிலோபர் சொன்ன வார்த்தைகளோடு.

ஒன்பது நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு வரி வந்தது. "கொக்கியில மாட்டிட்டேன். பஸ் வந்ததும் பேசறேன்."

இங்கே மதியம் ஒரு மணிக்கு நான் சாண்ட்விச்சைப் பிரிக்கும்போது அங்கே ஷிப்ட் விடும் நேரம். எனக்கு முன்னால் அலமாரியில் இடது ஷூ இருக்கும். வெளியே அந்தக் கையுறை இன்னும் வேலியில்தான் இருக்கிறது. நான் இரண்டையும் பார்ப்பதில்லை. மேல்விஷாரத்துக் கம்பெனி கேட்டுக்கு வெளியே பஸ் வந்து நிற்கிறதா என்றுதான் தினமும் இங்கிருந்து எட்டிப் பார்க்கிறேன்.