கணினித் தண்ணீரும் கண்பத்தின் ஹண்டாவும்

நாளெல்லாம் எனக்குத் தண்ணீரோடுதான் பிழைப்பு. ஆனால் ஒரு சொட்டுகூடக் கையில் படாது. செம்பூரில் ஓர் ஆய்வகக் கணினிக்குள் சில நூறு நீர் மூலக்கூறுகளை ஓடவிட்டுப் பார்ப்பது என் வேலை. பழைய மாதிரிகளில் மூலக்கூறின் மின்னூட்டம் எங்கே வைத்தோமோ அங்கேயே இருக்கும். என் மாதிரியில் பக்கத்து மூலக்கூறைப் பொறுத்து அது நகரும். அது நகர்ந்தால் பக்கத்ததும் நகரும். நெருக்கத்தில் இதை மட்டுப்படுத்தும் திருத்தம் ஒன்று உண்டு. அது தப்பினால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டித் தூண்டி, எண்கள் எகிறிக் கணக்கே வெடித்துவிடும்.

அந்த வாரம் தினமும் வெடித்தது. அந்த எரிச்சலோடுதான் மராத்தியரின் புத்தாண்டான குடி பாட்வா பண்டிகையன்று விடியலில் தாராவிக் குழாயடிக்குப் போனேன். இரண்டு கையிலும் காலி எவர்சில்வர் குடங்கள். வரிசையில் முன்னால் இருந்த ஹண்டா என்ற தண்ணீர்ப் பாத்திரத்தைக் காலால் தள்ளினேன். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரில் லாரித் தண்ணீருக்கு வரிசை அப்படித்தான் நகரும். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் இது பூஜைக்காக மஞ்சள் குங்குமம் வைத்த பித்தளை ஹண்டா. பக்கத்து வீட்டுத் தையல்காரர் கண்பத்துடையது.

உதைத்தாயா என்று இந்தியில் கேட்டார். கொஞ்சம் நகர்த்தினேன் என்றேன். நக்கல் என்று எடுத்துக்கொண்டார். அவர் அறைந்ததில் என் உதடு கிழிந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. குடத்தை ஓங்கி வீசினேன். தடுக்க வந்த அவர் வலது மணிக்கட்டு முறியும் சத்தம் கேட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆறு வருடம் முன்பு நேர்முகத் தேர்வுக்கு நான் போட்டுப்போன சட்டை அந்தக் கை தைத்தது. வீட்டில் என் மனைவி மாரி கத்தவில்லை. "அந்தக் கைய நம்பித்தான அந்த வீடே இருக்கு. ஒரு கொடத்துக்கா ஒடிச்சிய?" என்றாள்.

போலீஸ் சௌக்கியில் கண்பத் ஈரம் காயாத மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவர் மனைவி. அவர் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு வேலையும் போகும், ஊரும் சிரிக்கும். இவன் எந்த ஊர்க்காரன் என்று அதிகாரி அவரிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கண்பத் சொன்னார்: "யஹீன் கா ஹை, சாப்."

இங்கத்து ஆள்தான். இந்த நகரத்தில் என்னைப் பற்றி ஒருவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. புகார் வேண்டாம் என்றும் அவர் சொல்லிவிட, எழுதாமல் அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் அவர் தோளைத் தொடப் போனேன். விலகிக்கொண்டார். கணவனும் மனைவியும் முன்னால் நடக்க, பத்தடி பின்னால் நான். அவர் கதவைத் தாண்டித்தான் என் கதவு. அவர் உள்ளே போய்ச் சாத்தும்வரை சந்து முனையிலேயே நின்றேன்.