கென்யாவில் கருகிய தக்காளி நாற்று

இன்று அவிநாசி பஸ்ஸில் வரும்போது கென்யாவிலிருந்து ஒரு படம் வந்தது. தக்காளி நாற்றெல்லாம் கருகிக் கிடந்தது.

வெளிநாட்டு விவசாயிகளும் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆக்னஸ் என்ற பெண்மணி வெள்ளை ஈயை விரட்ட வழி கேட்டிருந்தார். "ஒரு தெளிப்பான் டேங்குக்கு எண்பது மில்லி வேப்பெண்ணெய்" என்று எழுதியது நான்தான். மூன்று முறை சரிபார்த்துத்தான் அனுப்பினேன்.

பக்கத்து சீட்டில் இருந்த பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் அம்மா படத்தை எட்டிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஏனுங்க, அவிய டேங்கு எத்தன லிட்டருங்க?"

"பதினாறுதானுங்களே?"

"அது நம்மூருலீங்க."

உடனே ஆக்னஸிடம் கேட்டேன். ஐந்து லிட்டராம். மருந்து மூன்று மடங்கு ஆகிவிட்டது.

வேறு விதை இல்லை என்கிறார் ஆக்னஸ். தண்ணீரில் அலசச் சொல்லலாமா? இனி எதையும் சொல்லக் கை வரவில்லை.

கருகிய நாற்றைத் தேற்றியவர்கள் எழுதுங்கள். "கவலைப்படாதீர்கள்" என்று மட்டும் வேண்டாம். அதை அவருக்கு நானே அனுப்பிவிட்டேன்.